கோமின்கானில் வகுப்பு எடுக்க விரும்புகிறவர்களுக்கு

ஜப்பானில் பெரும்பாலான ஊர்களில் பள்ளிக்கூடம், தபால் நிலையத்தோடு ஒரு கோமின்கானும் இருக்கும். ஊர்க்காரர்கள் கூடிப் படிக்க, பாட, சமைக்க, உடற்பயிற்சி செய்ய நகராட்சி நடத்தும் பொது மன்றம் அது. போர் முடிந்த மறு வருடம், 1946-இல், ஊருக்கு ஊர் இதை அமைக்கும்படி கல்வி அமைச்சகம் ஊக்கப்படுத்தியது. 1949-இல் வந்த சமூகக் கல்விச் சட்டம் அதற்கு உறுதியான இடம் கொடுத்தது. இன்று நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மன்றங்கள் இருக்கின்றன. டோக்கியோ போன்ற பெருநகரங்களில் பெயர்ப் பலகை வேறாக இருக்கலாம். நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

வேலைக்காகவோ குடும்பத்தோடோ ஜப்பானுக்கு வந்து, ஷோதோ என்னும் தூரிகை எழுத்தையோ, இகேபானா மலர்க் கலையையோ, தேநீர்க் கலையையோ வருடக்கணக்கில் முறையாகக் கற்றவர் நீங்கள் என்றால், ஒரு கட்டத்தில் "நாமே சொல்லிக் கொடுத்தால் என்ன?" என்ற எண்ணம் வரும். தாராளமாகச் செய்யலாம். ஆட்கள் தேவைப்படுகிறார்கள். உறுப்பினர்களுக்கும் ஆசிரியருக்கும் வயதாகி, புதிதாக யாரும் சேராமல் கலைந்துபோகும் குழுக்களை எந்த மன்றத்திலும் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் ஊரில் டியூஷன் என்றால் அது வாத்தியாருடையது. இடம் பிடிப்பதும், ஃபீஸ் வாங்குவதும், விடுமுறை விடுவதும் அவர்தான். கோமின்கானில் வகுப்பு கற்கிறவர்களுடையது. அறையை எடுப்பது அவர்கள், பணத்தைக் கையாள்வது அவர்கள், ஆசிரியர் அவர்கள் அழைத்து வந்தவர். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே வரும் விதிகள் எல்லாம் இயல்பாகவே புரியும்.

1. உங்கள் சென்ஸேயிடம் (ஆசிரியரிடம்) முதலில் சொல்லுங்கள்

ஷோதோ கற்பிக்க அரசு உரிமம் எதுவும் கிடையாது. 'தான்' எனப்படும் தர நிலைகளும் ஷிஹான் என்ற ஆசிரியர் பட்டமும் தனியார் சங்கங்கள் தருபவை. இகேபானாவும் தேநீர்க் கலையும் அப்படியல்ல. அவை இயெமோட்டோ என்ற பரம்பரைத் தலைமையின் கீழ் இயங்குகின்றன. இகெனோபோ, ஒஹாரா, ஸோகெட்சு என்று எந்த மரபின் பெயரைச் சொல்லிக் கற்பித்தாலும் அந்த மரபு தரும் கற்பிக்கும் அனுமதி கையில் இருக்க வேண்டும். எந்தச் சான்றிதழிலிருந்து அந்த அனுமதி தொடங்குகிறது என்பது மரபுக்கு மரபு மாறும்.

சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்களுக்குக் கற்றுத் தந்தவரிடம் நேரில் போய்ச் சொல்லாமல் வகுப்பு தொடங்காதீர்கள். ஒரு இனிப்புப் பெட்டியோடு போங்கள். "இந்த ஊர் மன்றத்தில், தொடக்க நிலைக்கு மட்டும் சொல்லித் தரலாம் என்று நினைக்கிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு பழைய மாதிரித் தாள்களையே எடுத்துக் கொடுப்பார்கள். பிறர் சொல்லி அவர் காதுக்குப் போனால் அந்த உறவு மறுபடி ஒட்டுவது கடினம்.

2. அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்

மன்றத்தின் வாசலில் உறுப்பினர் சேர்க்கை நோட்டீஸ்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். எந்தக் கிழமையில் என்ன நடக்கிறது, மாதச் சந்தா எவ்வளவு, எத்தனை பேர் இருக்கிறார்கள் எல்லாம் அதிலேயே இருக்கும். நீங்கள் கற்பிக்க நினைக்கும் கலைக்கு ஏற்கெனவே ஒரு குழு இருந்தால், போட்டியாக இன்னொன்று தொடங்க வேண்டாம். தைகென் எனப்படும் ஒருநாள் அனுபவ வகுப்புக்குப் போய் உட்காருங்கள், பிறகு உறுப்பினராகச் சேருங்கள். அங்கே ஆசிரியருக்கு வயதாகியிருந்தால் உங்களையே உதவிக்கு நிற்கச் சொல்லக்கூடும். புதிதாக ஒரு வகுப்பைத் தொடங்குவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தாங்கிப் பிடிப்பது ஊருக்கு அதிக நன்மை என்பது என் கருத்து.

அதே கலை அங்கே இல்லையென்றால் அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். பல நகராட்சிகள், கற்பிக்க முன்வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. ஜின்ஸாய் பேங்க் என்று கேட்டால் விண்ணப்பத்தாள் கொடுப்பார்கள்.

3. கோஸாவில் தொடங்கி சர்க்கிளாக வளருங்கள்

புதியவருக்கு நான் பரிந்துரைக்கும் வழி இதுதான். மன்றமே நடத்தும் குறுகிய தொடர் வகுப்புக்குக் கோஸா என்று பெயர். மூன்று முதல் ஆறு வகுப்புகள் வரை இருக்கும். நகராட்சியின் மாத இதழில் அறிவிப்பு வரும், ஆள் சேர்ப்பதை அலுவலகமே பார்த்துக்கொள்ளும். உங்களிடம் கேட்பது ஒரு திட்டத் தாள் மட்டுமே: யாருக்கு, எத்தனை வகுப்பு, ஒவ்வொன்றிலும் என்ன செய்வோம், ஆளுக்குப் பொருட்செலவு எவ்வளவு, முடிவில் கையில் என்ன இருக்கும். ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அடுத்த வருடத் திட்டத்தில் இடம் பிடிக்க இலையுதிர் காலத்திலேயே பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது.

கோஸாவின் கடைசி வகுப்பில், "தொடர்ந்து செய்ய விருப்பமா?" என்று அலுவலரே கேட்பார். கை தூக்குகிறவர்கள் சேர்ந்து ஒரு சர்க்கிள் அமைப்பார்கள். அதற்குத் தலைவர், கணக்காளர், தொடர்பாளர் என்று பொறுப்புகள் இருக்கும். பதிவுக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர், அதில் பாதிக்கு மேல் உள்ளூர்வாசிகள் என்ற மாதிரி நிபந்தனைகள் ஊருக்கு ஊர் மாறும். இந்தப் பொறுப்புகளில் எதையும் நீங்கள் ஏற்காதீர்கள். தலைவர் பெயரும் உங்கள் பெயரே என்றால் அது உங்கள் சொந்தத் தொழில் என்று அலுவலகம் சந்தேகிக்கும், பதிவும் நின்றுபோகலாம்.

4. பணமும் சட்டமும்

சமூகக் கல்விச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கோமின்கான் லாப நோக்கத்துக்கோ, ஒரு கட்சிக்கோ, ஒரு மதத்துக்கோ துணைபோவதைத் தடுக்கிறது. அதனால்தான் ஆசிரியர் நேரடியாகக் கட்டணம் வசூலிக்கும் வகுப்புகளுக்குப் பல மன்றங்கள் அறை தருவதில்லை. சந்தா சர்க்கிளுக்குப் போகும். சர்க்கிள் அதிலிருந்து அறை வாடகை, தாள், மை, உங்களுக்கான மரியாதைத் தொகை ஆகியவற்றைக் கொடுக்கும். கணக்காளர் அதை ஒரு சிறிய உறையில் போட்டுத் தருவது வழக்கம். இரு கையாலும் வாங்குங்கள். அங்கேயே பிரித்து எண்ண வேண்டாம்.

மரியாதைத் தொகை வாங்கும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள். நிரந்தர வசிப்புரிமை உள்ளவருக்குத் தடையில்லை. வேலை விசாவிலோ, குடும்பத்தினர் விசாவிலோ இருப்பவர் தன் விசா அனுமதிப்பதற்கு வெளியே தொடர்ந்து வருமானம் பெற, குடிவரவு அலுவலகத்தின் தனி அனுமதி தேவைப்படும். "சின்னத் தொகைதானே" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். குடிவரவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாகும்வரை பொருட்செலவு மட்டும் வாங்கிக் கற்பியுங்கள்.

காப்பீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் பாதுகாப்புக் காப்பீடு என்ற பெயரில் இருந்தாலும், நான்கு பேரோ அதற்கு மேலோ உள்ள கலைக் குழுக்களும் அதில் சேரலாம். ஒரு வருடத்துக்கானது, மார்ச் 31-இல் முடியும். கத்தரிக்கோலும் வெந்நீரும் புழங்கும் வகுப்பில் அதைத் தவிர்க்கக் கூடாது.

5. அறை

ததாமி என்ற வைக்கோல் பாய் விரித்த அறைதான் ஜப்பானியக் கலைக்குப் பொருத்தம் என்று தோன்றும். தேநீருக்குச் சரி. ஷோதோவுக்கு வேண்டாம். ததாமியில் மை விழுந்தால் போகாது, சர்க்கிள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும். துடைக்கக்கூடிய தரையும் உயரமான மேசையும் உள்ள அறையைக் கேளுங்கள். அறை பெரும்பாலும் காலை, மதியம், இரவு என்று மூன்று பகுதியாகக் கிடைக்கும். அந்த நேரத்துக்குள்ளேயே மேசை போடுவதும் திரும்ப அடுக்குவதும் அடங்க வேண்டும். குலுக்கல் முறையில் முன்பதிவு நடக்கும் ஊர்களில் ஒவ்வொரு மாதமும் தவறாமல் விண்ணப்பிக்கும் பொறுப்பை ஓர் உறுப்பினரிடம் விட்டுவிடுங்கள்.

குப்பையை மன்றத்தில் போட முடியாது. கறைபட்ட தாள், பூத்தண்டு, இனிப்பு உறை எல்லாம் அவரவர் பையில் வீட்டுக்குப் போகும்.

6. முதல் ஷோதோ வகுப்பு

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் வகுப்பு எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் மறு வாரம் எத்தனை பேர் வருவார்கள் என்பது முடிவாகிறது.

ஒவ்வொருவருக்கும் மேசையில் முதலில் செய்தித்தாள், அதன்மேல் கறுப்பு ஃபெல்ட் விரிப்பு, அதன்மேல் ஹன்ஷி தாள். ஹன்ஷி ஏறக்குறைய 24-க்கு 33 சென்டிமீட்டர் இருக்கும். விரலால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. வழவழப்பான பக்கம்தான் மேலே. தாளின் மேல் விளிம்பில் பஞ்சின் என்ற உலோகக் கட்டை. வலப்பக்கம் மைக்கல், தூரிகை. மாதிரி எழுத்து இடப்பக்கம்.

புதுத் தூரிகை பசை போட்டு விறைப்பாக வரும். பெரிய தூரிகையை விரலால் மெல்லப் பிசைந்து, வெதுவெதுப்பான நீரில் முழுக்கத் தளர்த்த வேண்டும். பெயர் எழுதும் சின்னத் தூரிகையில் நுனி மூன்றில் ஒரு பங்கு மட்டும் போதும். இதை வகுப்பில் செய்யச் சொன்னால் அரை மணி நேரம் போய்விடும். முதல் வகுப்புக்கான தூரிகைகளை முந்தின நாள் நீங்களே தயார் செய்து கொண்டுபோங்கள். மையும் அப்படியே. கட்டி மையைக் கல்லில் தேய்ப்பது மனதை அடக்கும் நல்ல பழக்கம், ஆனால் முதல் நாளைக்குப் புட்டி மை போதும். தேய்க்கும் அனுபவத்தை இரண்டாம் மாதத்தில் ஒரு வகுப்பு முழுக்கக் கொடுத்தால் அதன் மணமும் நிதானமும் மனதில் நிற்கும்.

எந்த எழுத்தில் தொடங்குவது? எட்டு அடிப்படைக் கோடுகளும் ஒரே எழுத்தில் அடங்கியிருப்பதால், நித்தியம் என்று பொருள்படும் 'எய்' எழுத்தை முதல் நாளே எழுத வைக்கும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டையும் ஒரே நாளில் தவறவிட்டவர் மறு வாரம் வரத் தயங்குகிறார். ஒன்று என்ற எண்ணுக்கான 'இச்சி'யைக் கொடுங்கள். ஒரே ஒரு கிடைக்கோடு. அதன் பிறகு பத்துக்கான 'ஜூ'. ஒரு கிடைக்கோடு, ஒரு நெடுங்கோடு. முதல் நாளைக்கு இவ்வளவு போதும்.

இச்சியைச் சொல்லிக் கொடுக்கும்போது பேச்சைக் குறைத்து, எழுதிக் காட்டுங்கள். தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, முழங்கையை மேசையிலிருந்து தூக்கி, நுனியை இடது மேற்புறத்திலிருந்து சுமார் 45 டிகிரி சாய்வில் தாளில் வையுங்கள். ஒரு கணம் நிறுத்தம். பிறகு வலப்பக்கம் லேசாக ஏறுமுகமாக நகர்த்துங்கள். நுனி கோட்டின் மேல் விளிம்பிலேயே போக வேண்டும். முடிவில் மறுபடி நிறுத்தி, வலது கீழாக அழுத்தி, வந்த வழியே மெல்லத் தூக்குங்கள். இதை ஒவ்வொருவர் மேசைக்கும் போய் அவர்கள் தாளிலேயே ஒருமுறை எழுதிக் காட்டுவது, முன்னால் நின்று பலகையில் எழுதுவதைவிடப் பல மடங்கு பலன் தரும். உங்கள் மூச்சும் தோளும் எப்படி அசைகின்றன என்று அவர்கள் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். ஒருவர் கையைப் பிடித்து எழுத வைக்க வேண்டுமென்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடக்கைப் பழக்கம் உள்ளவரை வலக்கைக்கு மாற்றச் சொல்லாதீர்கள். பள்ளியில் அப்படி மாற்றப்பட்டு, ஷோதோவே வேண்டாம் என்று அறுபது வயது வரை ஒதுங்கியிருந்தவர்கள் இருக்கிறார்கள். மாதிரித் தாளை அவருக்கு வலப்பக்கம் வைத்தால் போதும்.

திருத்துவது சிவப்பு மையில். எல்லாப் பிழையையும் குறிக்க வேண்டாம், ஒரு தாளுக்கு ஒன்று மட்டும். நன்றாக வந்த இடத்துக்கு ஒரு வட்டம். மிக நன்றாக வந்ததற்கு ஹனாமாரு என்ற பூ வட்டம். எண்பது வயதுக்காரரும் அந்தப் பூவைக் கண்டதும் முகம் மலர்ந்து, தாளை மடிக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.

முடிக்கும்போது தூரிகையை மன்றத்தின் தொட்டியில் கழுவலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் கூடாது. வீணான ஹன்ஷியில் நன்றாகத் துடைத்து, அதே தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், மயிர் அடிவரை ஓடும் நீரில் கழுவி, நுனியைக் கூராக்கித் தொங்கவிட வேண்டும். புட்டி மையைக் கழுவாமல் விட்டால் தூரிகை கல்லாகிவிடும். உடுப்பில் மை பட்டால், சோற்றுப் பருக்கையைச் சோப்புத் தூளோடு பிசைந்து தேய்ப்பது ஜப்பானிய வீடுகளின் கைவைத்தியம். முழுக்கப் போகாது, மங்கும். அதனால் நோட்டீஸிலேயே "கறுப்பு அல்லது பழைய உடுப்பு" என்று எழுதிவிடுங்கள்.

7. உடலுக்கும் பத்து நிமிடம்

இரண்டு மணி நேரம் குனிந்து எழுதும் வகுப்பில் தோளும் கழுத்தும் இறுகிவிடும். வகுப்பைத் தொடங்கும்போதோ நடுவிலோ ராஜியோ தைசோ செய்வது எல்லாருக்கும் பிடிக்கும். 1928-இல் வானொலியில் தொடங்கிய இந்தப் பயிற்சி, இப்போதுள்ள வடிவத்தில் 1951 முதல் ஒலிபரப்பாகிறது. முதல் தொகுப்பில் 13 அசைவுகள், மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஜப்பானில் படித்த எவருக்கும் உடம்பிலேயே பதிந்திருப்பதால் நீங்கள் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்கள்தான் உங்களுக்குக் கற்பிப்பார்கள். புதிதாக வந்த ஆசிரியரிடம் அவர்கள் கூச்சம் விடுவதற்கும் அது நல்ல சந்தர்ப்பம். பதினோராவது அசைவில் இரு காலாலும் குதிக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் குதிகாலை மட்டும் உயர்த்தி இறக்கட்டும். நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தே செய்யலாம்.

உடல்நலம் சார்ந்த வகுப்பு என்றால் இரண்டு எல்லைகள் உண்டு. ஷியாட்ஸு, அன்மா போன்ற அழுத்த சிகிச்சையை இன்னொருவர் உடலில் தொழிலாகச் செய்ய ஜப்பானில் தேசிய உரிமம் தேவை. தன் கையைத் தானே நீவிக்கொள்ளும் பயிற்சியோடு நில்லுங்கள். நோட்டீஸில் வலி தீரும், ரத்த அழுத்தம் குறையும் என்று எழுதாதீர்கள். அடுத்தது தியானம். மூச்சைக் கவனித்து அமைதியாக உட்காருவதற்குத் தடையில்லை. அதை ஒரு கோயிலின் அல்லது பிரிவின் பெயரில் நடத்தினால், முன்பு சொன்ன 23-ஆம் பிரிவு குறுக்கே வரும்.

8. பூவும் தேநீரும்

இகேபானா கற்பிப்பவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது பூக்கடை ஏற்பாடு. எண்ணிக்கையைச் சில நாள் முன்பே சொல்ல வேண்டும். வராதவரும் பூவுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சர்க்கிள் எழுதி வைத்துவிடட்டும். பாடத்தைப் பொறுத்தவரை அளவோடு தொடங்கினால் புதியவருக்குப் பயம் போகும். ஸோகெட்சுவின் அடிப்படைப் பாடத்தில், பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் முதல் கிளையான ஷின்னின் நீளம். ஷின்னில் முக்கால் பங்கு இரண்டாம் கிளையான ஸோயே, ஸோயேயில் முக்கால் பங்கு மூன்றாம் கிளையான ஹிகாயே. 30 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தட்டுக்கு 54, ஏறக்குறைய 40, 30. நிமிர்ந்த வடிவத்தில் அவை 15, 45, 75 டிகிரி சாயும். தண்டை நீருக்குள் வைத்து வெட்டும் பழக்கத்தை அன்றே கொடுத்துவிடுங்கள்.

தேநீருக்கு வருகிறவர்களில் பலர் மண்டியிட்டு உட்காரத் தயங்குவார்கள். மேசை நாற்காலியில் செய்யும் ரியூரேய் முறை 1872-லேயே, கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காக உராசென்கே மரபின் 11-ஆம் தலைவர் வகுத்தது. ஆகவே நாற்காலி கேட்பவரிடம் அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. இனிப்பில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை, ஒவ்வாமை உள்ளவர்களுக்காக முன்கூட்டியே சொல்லுங்கள்.

9. விழாவும் அதன் பிறகும்

இலையுதிர் காலத்தில் மன்றத்தின் கலாசார விழா வரும். ஒவ்வொரு சர்க்கிளும் தன் வேலையைச் சுவரில் வைக்கும். புதியவர் எழுதிய ஜூவும் பத்து வருடக்காரர் எழுதிய கவிதையும் பக்கத்துப் பக்கமாகத் தொங்கட்டும். உங்களுடையது ஒன்றே ஒன்று, ஓரமாக இருந்தால் போதும். பார்வையாளர்களுக்கு ஒரு மேசை போட்டுத் தூரிகையைக் கையில் கொடுத்தால் அடுத்த வருட உறுப்பினர்கள் அங்கேயே கிடைப்பார்கள். தமிழில் தங்கள் பெயரை எழுதித் தரச் சொல்லியும் கேட்பார்கள். எழுதிக் கொடுங்கள். 'ழ'வின் சுழிப்பில் தூரிகை திரும்பும்போது அழுத்தமும் தளர்வும் மாறிவருவதை அவர்கள் வாய் திறந்து பார்ப்பதும், பிறகு தாங்களே முயல்வதும் எனக்கு மிகப் பிடித்த காட்சி.

மார்ச்சில் சர்க்கிளின் ஆண்டுக் கூட்டம். கணக்கை அவர்களே வாசிப்பார்கள். பொறுப்புகள் கை மாறும். அடுத்த வருடச் சந்தா முடிவாகும். அதற்கு முன் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேலை மாற்றம், ஊர் மாற்றம் நம்மில் எவருக்கும் திடீரென வரும். இரண்டாம் வருடத்திலிருந்தே, உறுப்பினர்களில் கையும் பொறுமையும் உள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இச்சியைச் சொல்லிக்கொடுக்க விடுங்கள். மாதிரித் தாள்கள் அனைத்தையும் எண்ணிட்டு ஒரு கோப்பில் போட்டு, சர்க்கிளின் அலமாரியில் வையுங்கள். உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத வாரத்திலும் அவர்கள் அறையைத் திறந்து, அந்தக் கோப்பை எடுத்து, மை ஊற்றி எழுதத் தொடங்கிவிட வேண்டும்.